ஒரு கைப்பிடி இலை: வாஷிங்டன் பயணக் குறிப்புகள்

நாள் 1 – ஞாயிறு, மே 11, 2025

காலை எட்டு மணிக்குப் பிட்ஸ்பர்கிலிருந்து கிளம்பினோம். காரில் மூன்று பேர். ஓட்டியது எங்கள் முதலாளி, அவர் பக்கத்தில் எங்கள் ஃபோர்மேன், பின் இருக்கையில் மடிக்கணினியோடு நான். பாலங்களைப் பழுதுபார்க்கும் சிறிய கம்பெனி எங்களுடையது. நான் அங்கே பொறியாளர். கட்டுமானச் சங்கம் ஒவ்வொரு வருடமும் தன் உறுப்பினர்களை வாஷிங்டனுக்கு வரச்சொல்லி, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களுடைய அலுவலகங்களுக்கு அனுப்பி வைக்கும். சாலை, பாலங்களுக்கு நிதி, எங்களைப் போன்ற கம்பெனிகளுக்கு வரி, இந்த இரண்டைப் பற்றியும் பேச வேண்டும். இந்த வருடம் என்னையும் கூப்பிட்டார்கள். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குக் காரணம் ஒரு பாலம்.

பிட்ஸ்பர்கில் ஃபோர்ப்ஸ் அவென்யூ, ஃப்ரிக் பூங்காவின் பள்ளத்தைக் கடக்கும் இடத்தில் ஃபெர்ன் ஹாலோ பாலம் இருந்தது. 2022 ஜனவரி 28 அன்று விடியும் முன்பே அது அப்படியே பள்ளத்தில் விழுந்தது. மேலே ஒரு பேருந்தும் சில கார்களும் இருந்தன. சிலருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. அன்றைக்குத்தான் அதிபர் பைடன் உள்கட்டமைப்பைப் பற்றிப் பேச எங்கள் ஊருக்கு வருவதாக இருந்தார். வந்தவர் அந்தப் பள்ளத்தின் ஓரத்திலும் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து 2024இல் முடிவைச் சொன்னது. அந்தப் பாலத்தின் எஃகு ஒரு தனி வகை. மேலே படியும் மெல்லிய துரு அடுக்கே உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும், பெயின்ட் தேவையில்லை. ஆனால் எஃகு நனைந்தால் காய வேண்டும். அங்கே வடிகால் வாய்களில் இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டன. தண்ணீர் வழிமாறி, பாலத்தின் கால்களில் குப்பையோடு சேர்ந்து தேங்கியது. காக்க வேண்டிய துருவே எஃகைத் தின்றுவிட்டது. சோதனைக்கு வந்தவர்கள் வருடாவருடம் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை.

அந்த அறிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே மாதிரி வடிகால் வாய்களை நான் எத்தனை பாலத்தில் பார்த்திருக்கிறேன்! ஒரு ஆள், ஒரு மண்வெட்டி, அரை நாள் வேலை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையில் கிழக்கே வந்து ப்ரீஸ்வுட் என்ற ஊரில் இறங்கினோம். 70ஆம் எண் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் வருகிறவர்கள், டர்ன்பைக்கை விட்டு மறுபடி அதே 70க்குப் போக, இங்கே பெட்ரோல் பங்க்குகளும் சிக்னல்களும் நிறைந்த ஒரு சாதாரண ரோட்டில் ஊர்ந்தாக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் வழி தவறிவிட்டோம் என்றே நினைப்பார்கள். இதற்குக் காரணம் சட்டம். இன்டர்ஸ்டேட் கட்டிய காலத்தில், ஃபெடரல் அரசின், அதாவது மத்திய அரசின், பணத்தில் கட்டும் சாலையைச் சுங்கச் சாலையோடு நேரடியாக இணைக்க வேண்டுமென்றால், சுங்கச் சாலையின் கடன் அடைந்த பிறகு சுங்கம் வாங்குவதை நிறுத்த வேண்டும் என்று விதி இருந்தது. டர்ன்பைக் நிர்வாகம் அதற்கும் ஒப்பவில்லை, சொந்தச் செலவில் இணைப்பு போடவும் முன்வரவில்லை. அந்தச் சிறிய இடைவெளி இன்றும் அப்படியே இருக்கிறது.

ஃபோர்மேன் சிக்னலைக் காட்டிச் சொன்னார்: “முப்பது வருடமாக இங்கே நிற்கிறேன். யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து எழுதிய ஒரு வரிக்காக.” அந்த அறையைத்தான் பார்க்கப் போகிறோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மாலைக்குள் வாஷிங்டன் வந்து சேர்ந்தோம். நாளைக்குப் பயிற்சி வகுப்பு.


நாள் 2 – திங்கள், மே 12

காலையில் ஒரு பெரிய கூடத்தில் பல மாநிலங்களிலிருந்து வந்த கட்டுமானக்காரர்கள் கூடினோம். தார் ரோடு போடுகிறவர்கள், குழாய் பதிக்கிறவர்கள், கிரேன் வாடகைக்கு விடுகிறவர்கள். எல்லோர் கையிலும் ஒற்றைத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். பார்க்கப் போகும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டிய தாள். அதில் இரண்டு பெரிய கோரிக்கைகள்.

முதலாவது சாலை நிதி. 2021 நவம்பர் 15 அன்று கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டம் 2026 செப்டம்பர் 30 அன்று முடிகிறது. பாலங்களுக்கென்றே ஐந்து வருடத்தில் 2,750 கோடி டாலரை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்த சட்டம் அது. அடுத்த சட்டத்தை இப்போதே எழுதத் தொடங்க வேண்டும், நிதி குறையக்கூடாது என்பது சங்கத்தின் கோரிக்கை.

இரண்டாவது வரி. இயந்திரம் வாங்கினால் அதன் விலையை எத்தனை வேகமாக வருமானத்திலிருந்து கழிக்கலாம் என்ற கேள்வி. 2017 வரிச் சட்டம், வாங்கிய வருடமே முழு விலையையும் கழிக்க அனுமதித்தது. 2023இலிருந்து அது வருடத்துக்கு 20 சதவீதப் புள்ளி வீதம் குறைந்து, இந்த வருடம் 40இல் நிற்கிறது. 5 லட்சம் டாலருக்கு ஒரு கிரேன் வாங்கினால், முன்பு அந்த வருடமே 5 லட்சத்தையும் கழிக்கலாம். இப்போது இந்த விதிப்படி 2 லட்சத்தை உடனே கழித்துவிட்டு, மீதியைச் சில வருடங்களுக்குப் பரப்பிக் கழிக்க வேண்டும். மொத்தத்தில் கழிப்பது அதே 5 லட்சம்தான். முழுக் கழிவில் வரி காணாமல் போவதில்லை, தள்ளிப் போகிறது. ஆனால் சிறிய கம்பெனிக்கு இந்த வருடம் கையில் இருக்கும் பணம்தான் மூச்சு. இதை எங்கள் முதலாளி சொல்லிக் கேட்டால் யாருக்கும் புரியும்.

பயிற்சியில் சொன்ன விதிகளையும் எழுதுகிறேன், ஏனென்றால் லாபி என்ற சொல் நம்மூர்ச் செய்திகளில் வந்தாலே பெட்டி கைமாறும் காட்சிதான் மனதில் வரும். இங்கே இது அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்தில் இருக்கும் உரிமை: குறை தீர்க்கச் சொல்லி அரசிடம் முறையிடும் உரிமை. நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது இதில் செலவிட்டுச் சம்பளம் வாங்குகிறவர்கள் பதிவு செய்துகொண்டு, யாருக்காக, எந்த மசோதாவைப் பற்றி, எவ்வளவு செலவில் பேசினார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்கைப் பார்க்கலாம். அவர்கள் உறுப்பினருக்குச் சாப்பாடு வாங்கித் தரக்கூடாது. வரவேற்பு நிகழ்ச்சியில் நின்றபடி கையில் எடுத்துச் சாப்பிடும் சிறு தீனி போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு.

அப்புறம் இன்னொரு செய்தி, எனக்குப் புதியது. சங்கத்துக்கு நாம் கட்டும் சந்தாவில் லாபிக்குச் செலவாகும் பங்கை வரியில் கழிக்க முடியாது. 1993இல் வந்த பட்ஜெட் சட்டம் அப்படி ஆக்கியது. பெட்ரோல் மீதான ஃபெடரல் வரியை காலனுக்கு 18.4 சென்ட் ஆக்கியதும் அதே சட்டம்தான். அந்த 18.4 சென்ட் அதற்குப் பிறகு ஒரு சென்ட்கூட ஏறவில்லை. 1993இன் 18.4 சென்ட்டுக்கு இன்றைய விலைவாசியில் சமம் ஏறத்தாழ 40 சென்ட்.

இந்த வரிதான் நெடுஞ்சாலை அறக்கட்டளை நிதியை நிரப்புகிறது. 2008லிருந்து அந்த நிதி தன் காலில் நிற்கவில்லை. பொதுக் கருவூலத்திலிருந்து காங்கிரஸ் திரும்பத் திரும்ப அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறது. 2028இல் நெடுஞ்சாலைக் கணக்கு காலியாகும் என்பது காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகக் கணிப்பு.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. மதியம் சங்கத்தின் அரசியல் நிதிக் குழுவுக்கு நன்கொடை கேட்டு ஒரு படிவம் மேசை மேசையாக வந்தது. ஒரு குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலில் 5,000 டாலர் வரை தரலாம். சட்டப்படி சரியானதுதான், கணக்கும் வெளிப்படை. பச்சை அட்டை, அதாவது கிரீன் கார்டு, வைத்திருப்பவர்களும் தரலாம் என்றார்கள். நான் தரவில்லை. நாளை ஒருவரிடம் போய்ப் பாலத்தைப் பற்றிப் பேசும்போது, என் பேச்சுக்கு முன்னால் என் காசோலை போயிருக்கக்கூடாது. முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கவில்லை. “அது உன் இஷ்டம்” என்று மட்டும் சொன்னார்.

தேநீர் இடைவேளையில் தமிழ்க் குரல். ஓஹையோவில் தார் ஆலை நடத்தும் பெரியவர் ஒருவர். மதுரைக்காரர்.

“என்னம்மா, முதல் தடவையா? கால் வலிக்காத செருப்பா போட்டுக்க. நாளைக்கு ஏழெட்டு மைல் நடக்கணும்.”

“எனக்கு இன்னும் இங்கே ஓட்டு இல்லண்ணே. நான் பேசினா எடுபடுமா?”

“அந்தத் திருத்தத்துல குடிமக்கள்னா போட்டிருக்கு? மக்கள்னுதான் போட்டிருக்கு. நீ பாலத்துக்கு அடியில நின்னு பாத்தவ. அவங்கள்ல எத்தன பேரு பாத்திருப்பாங்க? அதச் சொல்லு, போதும்.”

மாலையில் மழைக்கு முன் தனியாக நடந்து, வெள்ளை மாளிகைக்குத் தெற்கே ஜீரோ மைல்கல் இருக்கும் இடத்துக்குப் போனேன். இடுப்பு உயரக் கல். 1919 ஜூலை 7 அன்று ராணுவ லாரிகளின் வரிசை ஒன்று இங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பியது. போய்ச் சேர 62 நாள். வழியில் லாரிகள் சேற்றில் புதைந்தன, பாரம் தாங்காமல் மரப்பாலங்கள் முறிந்தன. அதில் போன இளம் அதிகாரி ஒருவர் 37 வருடம் கழித்து அதிபராக இருந்து நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஐசனோவர்.

அந்தச் சட்டமும் எளிதில் வரவில்லை. 1955இல் பிரதிநிதிகள் சபை இதற்கு முந்தைய மசோதாவை 292க்கு 123 என்று தோற்கடித்தது. டீசலுக்கும் டயருக்கும் வரி ஏறும் என்று லாரி, டயர், எண்ணெய்க் கம்பெனிகள் தந்திகளாக அனுப்பிக் குவித்திருந்தார்கள். மறு வருடம், சாலைக்கென்று வாங்கும் வரி சாலைக்கே போகும் என்று ஒரு தனி நிதியை உண்டாக்கிய பிறகே சட்டம் நிறைவேறியது. பெட்ரோல் வரி 2 சென்ட்டிலிருந்து 3 சென்ட் ஆனது. வரி கட்டுகிறவனுக்கு அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால் கட்டுவான். எழுபது வருடத்துக்கு முன்பு அது வேலை செய்திருக்கிறது.


நாள் 3 – செவ்வாய், மே 13

இப்போது இரவு பதினொரு மணி. கால்கள் என்னுடையவை மாதிரியே இல்லை. மதுரை அண்ணன் சொன்னது சரி.

காலையிலிருந்தே மழை. காங்கிரஸ் கூடும் கேப்பிடல் கட்டடத்துக்குத் தெற்கே பிரதிநிதிகள் சபையின் அலுவலகக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன: கேனன், லாங்வொர்த், ரேபர்ன். யாரும் உள்ளே போகலாம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். பையை ஸ்கேனரில் வைத்துவிட்டு, உலோகச் சோதனை வாசலைக் கடந்தால் போதும். யாரைப் பார்க்க வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீண்ட நடைகூடம், ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் ஒரு பெயர்ப் பலகை, அந்தந்த மாநிலக் கொடி.

இன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம் என்றார்கள். லாங்வொர்த் கட்டடத்தின் 1100ஆம் அறையில், வரிச் சட்டங்களை எழுதும் குழு பெரிய வரி மசோதாவை வரி வரியாக எடுத்துக்கொள்ளும் நாள். மதியம் தொடங்கியது, இதை எழுதும்போதும் நடந்துகொண்டிருக்கிறது. எங்களுடைய இயந்திர விலைக் கழிவு, ஜனவரி 19க்குப் பிறகு வாங்கியதற்கெல்லாம் மறுபடி 100 சதவீதம் என்று, அந்த மசோதாவுக்குள் இருக்கிறது. ரேபர்னில் இன்னொரு குழு மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டை வெட்டுவதைப் பற்றி விவாதித்தது. அந்த வாசலில் சக்கர நாற்காலியில் வந்த பலர் எதிர்ப்புக் காட்டினார்கள், போலீஸ் சிலரைக் கைது செய்து கூட்டிப்போனது. அவர்களும் முறையிடத்தான் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் அச்சடித்த தாளுமாக நாங்கள் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனோம். எங்களுக்கு முன்பே நேரம் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் கழிவும் அவர்களுடைய மருந்தும் கடைசியில் ஒரே மசோதாவில் சேரப் போகின்றன. அந்த நினைப்பு நாள் முழுக்க என்னோடு வந்தது.

முதல் அலுவலகத்தில் எங்களைச் சந்தித்தது இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஓர் உதவியாளர். உறுப்பினரைப் பார்க்கத்தான் போகிறோம் என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் பார்ப்பது இந்தப் பிள்ளைகளைத்தான். போக்குவரத்து, விவசாயம், குடிநீர் என்று நான்கைந்து துறைகளை ஒரே ஆள் பார்க்கிறார். அந்தப் பெண் சுறுசுறுப்பாகக் குறிப்பெடுத்தார். வரவேற்பறையில் இடமில்லாததால் நடைகூடத்தில் நின்றபடியே பேசினோம். பதினைந்து நிமிடம்.

இரண்டாவது இடத்தில் உறுப்பினரே வந்தார், ஆறு நிமிடம். ஃபோர்மேனின் கையைக் குலுக்கியவர், அதைப் பிடித்தபடியே அவருடைய உள்ளங்கையைப் பார்த்தார். தன் அப்பா எஃகு ஆலையில் வேலை பார்த்தவர் என்றார். வாக்கெடுப்புக்கு மணி அடித்ததும் ஓடினார்.

மூன்றாவது அலுவலகத்தைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். செலவைக் குறைக்க வேண்டும் என்று உறுதியாக நிற்கும் ஒரு உறுப்பினரின் அலுவலகம். உதவியாளர் சற்று மூத்தவர், வரியும் போக்குவரத்தும் இரண்டுமே அவர் துறை. தாளை வாங்கிப் படித்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

“முதல் பத்தியில் அரசு அதிகம் செலவழிக்க வேண்டும் என்கிறீர்கள். இரண்டாவது பத்தியில் உங்கள் வரி குறைய வேண்டும் என்கிறீர்கள். நடுவில் இருக்கும் பணத்தை யார் தருவது?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. மூன்று பேர் போயிருந்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. பயிற்சியில் இதற்குப் பதில் தரவில்லை.

முதலாளிதான் பேசினார். “பெட்ரோல், டீசல் வரியை ஏற்றுங்கள் என்று எங்களைப் போன்ற சங்கங்கள் பல வருடமாகக் கேட்டு வருகின்றன. எங்கள் லாரிக்கும் அந்த வரி உண்டு. காலனுக்கு 24.4 சென்ட் டீசலுக்குக் கட்டுகிறோம். ஏற்றினால் கூடுதலாகக் கட்டுவோம்.”

“லாரிக்குக் கட்டுகிறீர்கள். உங்கள் எக்ஸ்கவேட்டர்?”

சாலையில் ஓடாத இயந்திரங்களுக்குச் சிவப்புச் சாயம் கலந்த டீசல், அதற்குச் சாலை வரி கிடையாது. அவருக்கு அது தெரிந்திருந்தது. சாலையைத் தேய்க்காத வண்டிக்குச் சாலை வரி இல்லை என்பதில் நியாயம் இருக்கிறது, முதலாளியும் அதைத்தான் சொன்னார். ஆனாலும் இந்தப் பணத்தில் முதலில் சம்பாதிப்பது நாங்கள் என்ற உண்மை அந்த மேசை மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. அது நல்லதற்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. அந்த இடத்தில் நான் பேசத் தொடங்கினேன்.

சொன்னேன்: ஆமாம், பாலத்துக்குப் பணம் வந்தால் எங்களுக்கு வேலை வரும். என் சம்பளமே அதில்தான். அதனால் என் சொல்லைச் சந்தேகத்தோடு கேளுங்கள், தவறில்லை. ஆனால் நான் கேட்க வந்தது எங்களுக்கு அதிக லாபம் தராத வேலை. பிறகு மடிக்கணினியைத் திறந்து இரண்டு படங்களைக் காட்டினேன். எங்கள் மாவட்டத்துப் பாலம் ஒன்றின் வடிகால் வாய், இலை அடைத்தபடி. அதற்குக் கீழே, பாலத்தைத் தாங்கும் பேரிங்கைச் சுற்றி உரிந்து தொங்கும் எஃகு.

நாட்டில் 6 லட்சத்துக்கும் மேல் பாலங்கள் இருக்கின்றன. அதில் 42,000 அளவில் மோசமான நிலையில் உள்ளவை. எல்லோரும் அந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். எனக்குக் கவலை அடுத்த வரிசை: நல்ல நிலையிலும் இல்லை, மோசமும் இல்லை என்று இருப்பவை. மொத்தத்தில் கிட்டத்தட்ட பாதி. ஃபெடரல் நிதி பெரும்பாலும் புதிதாகக் கட்டவும் பெரிதாகப் புதுப்பிக்கவும் போகிறது. கூட்டுவது, கழுவுவது, வடிகால் அள்ளுவது போன்ற அன்றாடப் பராமரிப்பு மாநிலத்தின், ஊரின் தலையில். தடுப்புப் பராமரிப்புக்கு ஃபெடரல் பணத்தைச் செலவிடச் சட்டத்தில் வழி உண்டு, அதனால் பாலத்தின் ஆயுள் கூடி செலவு மிச்சமாகும் என்று மாநிலம் காட்ட வேண்டும். ஆள் பற்றாக்குறை உள்ள சிறிய ஊராட்சிக்கு அந்தக் காகித வேலையே பாரம். அதனால் என்ன நடக்கிறது? அரை நாள் வேலையைச் செய்யாமல் விட்டு, இருபது வருடம் கழித்துப் பாலத்தையே மாற்ற முழு நிதி கேட்கிறார்கள். ஃபெர்ன் ஹாலோவுக்குப் பதிலாகக் கட்டிய பாலத்துக்குச் செலவு 2.5 கோடி டாலர்.

“அடுத்த சட்டத்தில் பராமரிப்புக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி, வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி எழுதுங்கள். மொத்தத் தொகையைக் கூட்டாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.”

கடைசி வாக்கியம் சங்கத்தின் தாளில் இல்லை. வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் முதலாளியின் முகத்தைப் பார்த்தேன்.

உதவியாளர் சற்று நேரம் படத்தையே பார்த்தார். “இந்த இலையை அள்ள எவ்வளவு ஆகும்?” என்று கேட்டார். ஃபோர்மேன் சொன்னார்: “எனக்கு ஒரு ஆளும் காலை நேரமும் கொடுங்கள். கீழே இருப்பதைச் சரிசெய்யக் கேட்டால், நான்கு மாதமும் பாதி ரோட்டை மூடுவதும்.” இதைக் குறித்துக்கொண்டார். எங்களுக்கு ஒதுக்கியது இருபது நிமிடம், நாற்பத்தைந்து நிமிடம் உட்கார வைத்தார். எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

வெளியே வந்ததும் முதலாளி நடைகூடத்தில் நின்றார். “தாளில் இல்லாததைச் சொன்னாய்.”

“சொன்னேன்.”

“மொத்தம் கூடாவிட்டாலும் பரவாயில்லை என்று சங்கத்தின் சார்பில் நீ சொல்ல முடியாது. இங்கே இருக்கும் எல்லோருக்கும் வேலை வேண்டும்.” கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, “அடுத்த அலுவலகத்தில் உன் பெயரில் சொல். எங்கள் பொறியாளரின் கருத்து என்று நானே ஆரம்பித்து வைக்கிறேன்” என்றார். அடுத்த மூன்று இடங்களிலும் அப்படியே செய்தார். அந்த மனிதர் மீது எனக்கிருந்த மரியாதை இன்று இரு மடங்கு ஆனது.

மீதி அலுவலகங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றில் கையெழுத்திட்ட படம் கொடுத்தார்கள்.


நாள் 4 – புதன், மே 14

அந்த வரிக்குழு இரவு முழுக்க உட்கார்ந்து, காலையில்தான் மசோதாவை நிறைவேற்றியது. கட்சி பிரிந்து வாக்களித்திருக்கிறார்கள், 26க்கு 19. காங்கிரஸின் இரண்டு அவைகளான பிரதிநிதிகள் சபையும் செனட்டும் இன்னும் பாக்கி. காலை உணவு மேசையில் கைதட்டினார்கள். முதலாளி கிரேன் விலைப்பட்டியலைக் கைபேசியில் திறந்து பார்த்தார். எங்களுக்கு நல்லது, மறுக்கவில்லை. நேற்றுப் பார்த்த சக்கர நாற்காலிகள் கண்ணுக்குள் இருந்ததால் நான் கைதட்டவில்லை.

சாலைக்குப் பணம் வருவது பற்றி அந்தப் பெரிய மசோதாவில் ஒரு துண்டு உண்டு. மின்சாரக் கார் பெட்ரோல் வாங்குவதில்லை, அதனால் சாலை வரியும் கட்டுவதில்லை. போன மாதக் கடைசியில் சபையின் போக்குவரத்துக் குழு மின்சாரக் காருக்கு வருடம் 250 டாலர், ஹைப்ரிட் காருக்கு 100 டாலர் கட்டணம் என்று சேர்த்தது. எல்லா காருக்கும் 20 டாலர் என்று முதலில் எழுதியிருந்ததை எடுத்துவிட்டார்கள். யார் சாலையை உபயோகித்தாலும் தர வேண்டும் என்பது எனக்குச் சம்மதம். ஆனால் 18.4 சென்ட்டைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. இரண்டு கட்சியிலும் இல்லை. நேற்று ஒவ்வொரு அலுவலகத்திலும் இந்த வரியைப் பற்றிக் கேட்டேன். ஒரே மாதிரியான மௌனம், ஒரே மாதிரியான புன்னகை.

மதியம் செனட் பக்கம் ஒரு சந்திப்பு, பத்து நிமிடம். “பராமரிப்பு என்றால் ரிப்பன் வெட்ட முடியாதே” என்று அங்கிருந்த உதவியாளர் ஒருவர் வருத்தமாகவே சொன்னார். அவர் உண்மையைச் சொன்னார் என்பதற்காக நன்றி சொன்னேன்.

மேரிலாந்தின் மேற்கு மலைப்பகுதியில் நேற்று வெள்ளம் என்று செய்தி. நாளை திரும்பும் வழியை முதலாளி இருமுறை சரிபார்த்தார். கிளம்பும் முன் மதுரை அண்ணனைத் தேடிப்போய் விடைபெற்றேன். “அடுத்த வருசமும் வா. ஒரு தடவ வந்தவங்கள மறந்துருவாங்க. மூணாவது தடவ வந்தாத்தான் பேரு ஞாபகம் இருக்கும்” என்றார்.


நாள் 5 – வியாழன், மே 15

திரும்பும் வழியில் பால்டிமோர் போக வேண்டும் என்று கேட்டது ஃபோர்மேன். வழி கொஞ்சம் சுற்றுதான். இந்த ஐந்து நாளில் அவர் தனக்கென்று கேட்டது இது ஒன்றே.

ஃபோர்ட் மெக்ஹென்றி கோட்டையின் புல்வெளியில் நின்றால் படாப்ஸ்கோ ஆறு அகலமாகத் தெரிகிறது. தூரத்தில் இரண்டு கரையிலிருந்தும் நீண்டு வந்து நடுவில் இல்லாமல் போகும் பாலம். 2024 மார்ச் 26, அதிகாலை 1.28. கட்டுப்பாடு இழந்த சரக்குக் கப்பல் மோதி ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் சில நொடிகளில் சரிந்தது. கப்பலிலிருந்து வந்த அபாய அழைப்பால் போலீஸ் இரு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டது. பாலத்தின் மேலே வேலையில் இருந்த ஆட்களிடம் சொல்ல நேரம் இருக்கவில்லை. எட்டுப் பேரில் ஆறு பேர் இறந்தார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோரிலிருந்து வந்தவர்கள். அந்த இரவில் அவர்கள் செய்துகொண்டிருந்த வேலை, சாலையில் விழுந்த குழிகளை அடைப்பது.

இங்கே துரு காரணமில்லை, இலை காரணமில்லை. எனக்குத் தெரியும். ஃபோர்மேன் இருபது வருடம் இரவு ஷிஃப்டில் குழி அடைத்தவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். முதலாளி காருக்குப் போகாமல், எதுவும் பேசாமல், அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

ஃப்ரெடரிக் தாண்டியதும் என் கைபேசியில் ஒரு மின்னஞ்சல். அந்த மூன்றாவது அலுவலகம். வாக்குறுதி ஒன்றும் இல்லை, இரண்டே வரி. வடிகால் படங்களை அனுப்ப முடியுமா? அதே இடத்தைச் சுத்தம் செய்த பிறகு எடுத்த படம் இருந்தால் அதுவும், செலவுக் கணக்கோடு வேண்டும்.

சுத்தம் செய்த படம் எங்களிடம் ஒரே ஒரு பாலத்துக்குத்தான் இருந்தது. ஃபோர்மேன் தன் கைபேசியில் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒரு ஆள், நான்கரை மணி நேரம், ஒரு வண்டி. அந்தக் கணக்கை மடியில் வைத்தே தட்டச்சு செய்தேன். ப்ரீஸ்வுட்டில் சிக்னல் சிவப்பு விழுந்தது. பச்சை வருவதற்குள் அனுப்பிவிட்டேன்.